துரை தலைகீழாகப் பார்த்த உதை

இப்போது வரும் தியோடலைட்டில் உருவம் நேராகவே தெரிகிறதாம். போன வாரம் என்னைப் பார்க்க வந்த இரண்டு இளம் சர்வேயர்கள் பெருமையாகச் சொன்னார்கள். "உங்க காலத்துல எல்லாமே தலைகீழாத் தெரியுமாமா, எப்படீங்க வேலை செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். சர்வேயர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தியோடலைட் என்பது முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி, கோணம் அளக்கும் கருவி. அந்தக் காலத்துக் கருவியில் பனைமரம் வானத்திலிருந்து தொங்கும், மனிதர்கள் தலையால் நடப்பார்கள். பழகிவிட்டால் ஒன்றும் தோன்றாது. ஆனால் அந்தக் கருவி ஒரு நாள் என் வேலையையும் என் மேலதிகாரியின் வேலையையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது. அதற்குக் காரணம் என் முதுகு.

நான் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். குழித்தறியில் உட்கார்ந்து நான் நெய்த முதல் துணியைப் பார்த்துவிட்டு என் அப்பா, "சாமி, நீ வேற பொழப்பைப் பாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கால் நீளமாக இருந்ததால் சர்வேயில் செயின் இழுக்க எடுத்துக்கொண்டார்கள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதல் நாள் செயினின் முன் முனையைக் கையில் கொடுத்து, "போ" என்றார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தேன்.

வேலை இதுதான். செயின் என்பது நூறு கண்ணிகள் கோத்த இரும்புச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் லிங்க் என்று பெயர். பின் முனையை ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்பான். முன் முனையையும் பத்து இரும்பு ஆணிகளையும் எடுத்துக்கொண்டு நான் நடப்பேன். செயின் முழுசாக நீண்டதும் திரும்பி நின்று சர்வேயரைப் பார்க்க வேண்டும். அவர் தூரத்தில் நின்று கையை அசைப்பார். இடக்கை அசைந்தால் நான் ஒரு பக்கம் நகர வேண்டும், வலக்கை அசைந்தால் மறுபக்கம். இரண்டு கையும் கீழே இறங்கினால் கோடு சரி. உடனே செயினை உதறி, இறுக்கி, குனிந்து ஓர் ஆணியைக் குத்த வேண்டும். பிறகு அடுத்த செயின். பின்னால் வருபவன் என் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான், பத்து ஆனதும் இடம் மாற்றிக்கொள்வோம். பின்னால் வந்தவன் கருப்பண்ணன், சங்ககிரிக்காரன், என்னோடு கடைசிவரை வேலை பார்த்தவன்.

தூரத்தில் நின்று கையை அசைப்பவர் சபாபதி ஐயா. வாழப்பாடிக்காரர். காலில் பளபளவென்று பூட்ஸ், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் குடை. ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். திட்ட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். அளக்காததை எழுத மாட்டார், எழுதியதை அழிக்க மாட்டார். அவருடைய அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. மனதில் இருப்பதையெல்லாம் அங்கேதான் சொல்வார், அதுவும் நாலைந்து சொல்லில். கோடு வளையக்கூடாது என்பது அவருக்கு உயிர். ஒரு முறை செயின் ஒரு வீட்டு வாசலில் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, கொல்லைப்புறமாக வெளியேறியது. குழம்பு தாளித்துக்கொண்டிருந்த அந்த அம்மா கரண்டியோடு பார்க்க, ஐயா குடையை மடக்கி, "அம்மா, கோடு போவுது" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். குறிப்பு: 'சமையலறை. கத்தரிக்காய்.'

மோகனூர்ப் பக்கம் ஒரு கடலைக் காட்டில்தான் நான் விழுந்தேன். அங்கே ஆவாரஞ்செடி மூடிய ஒரு பாழுங்கிணறு இருந்தது. பழைய நிலப் படத்தில் அது இல்லை. நான் முதுகைக் கிணற்றுக்குக் காட்டிக்கொண்டு ஐயாவைப் பார்த்து நின்றேன். இடக்கை ஒரு முறை அசைந்தது. நகர்ந்தேன். இன்னொரு முறை அசைந்தது. இன்னும் நகர்ந்தேன். இரண்டு கையும் இறங்கின. செயினை உதறி, இறுக்க ஓர் அடி பின்னால் வைத்தேன். அந்த அடிக்கு இன்றுவரை தரை கிடைக்கவில்லை.

கிணற்றில் தண்ணீர் இல்லை. மேலே வட்டமாக வானம், வானத்தின் ஓரத்தில் ஒரு குடை.

"அங்கமுத்து, செயின் கையில இருக்குதா?"

"இருக்குதுங்க."

"விடாத."

அன்று எனக்கு வந்த கோபத்தில் எழுந்தே நடந்திருப்பேன், இடுப்புக்குக் கீழே உடம்பு சொன்னபடி கேட்டால்தானே. பிறகுதான் தெரிந்தது, மற்றது எதையும் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை என்று. கருப்பண்ணன் கயிறு கட்டி இறங்கி என்னைப் பலகையில் கட்டி ஏற்றினான். கயிற்றுக் கட்டிலோடு மாட்டு வண்டியில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக ஐயா வண்டிக்கு முன்னால் நடந்து, பாதையில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டுக்கொண்டே வந்தார் என்று கருப்பண்ணன் சொன்னான். அன்றைய குறிப்பை நான் பல மாதம் கழித்துப் பார்த்தேன்: 'பாழுங்கிணறு. நீர் இல்லை. ஆள் உயிருடன்.'

முதுகெலும்பில் முறிவு. அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தார்கள். கட்டை அவிழ்த்த அன்று டாக்டர் மூன்று விஷயம் சொன்னார்: நடப்பாய், குனிய மாட்டாய், வலி இருக்கும். "எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டேன். "நீ இருக்கிற வரைக்கும்" என்றார். அவர் சொன்ன மூன்றும் பொய்க்கவில்லை.

முதுகு போன செயின்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். வீட்டுக்குப் போனால் எனக்குத் தறிதான் கதி, குழித்தறியில் குனியாமல் ஒரு முழம்கூட நெய்ய முடியாது. நான் வேலைக்குத் திரும்பிய அன்று உடல் தகுதி பற்றி ஐயா மேலே எழுதி அனுப்ப வேண்டும். அவர் பொய் எழுத மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'ஆள் நிமிர்ந்து நிற்கிறான்' என்று எழுதினார். சத்தியமான வார்த்தை. வேறு எப்படியும் என்னால் நிற்க முடியாது.

அதன் பிறகு குனியாமல் செயின் இழுப்பது எப்படி என்று நானே ஒரு வித்தை கற்றேன். ஆணியை நின்றபடியே சுண்டி எறிந்து செயின் முனையில் குத்தி நிற்க வைப்பேன். பிடுங்க வேண்டிய முறை வந்தால் கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஆணியைக் கவ்வி, காலைப் பின்னால் மடக்கிக் கையில் வாங்கிக்கொள்வேன். ஆரம்பத்தில் கருப்பண்ணனின் செருப்பை இரண்டு முறை தரையோடு தைத்தேன். கால் உள்ளே இல்லாததால் அவன் இன்றும் நண்பன்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காலையில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். பலகையில்தான் படுக்க முடியும், ஆகையால் ஊர் ஊராக ஒரு கதவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். வீடு இல்லாமல் கதவு மட்டும் வைத்திருப்பவன் என்று பெயர் வந்தது. தும்மல்தான் பெரிய எதிரி. வருவது தெரிந்தால் ஓடிப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்வேன். மரம் இல்லாத காட்டில் கருப்பண்ணனைப் பிடித்துக்கொள்வேன். சில நாள் வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும்போது, இப்படியே எத்தனை வருஷம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நம் பக்கத்து ஊர்களில் முதுகுவலி என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு வைத்தியம். மோகனூரில் என்னை ஆற்று மணலில் கழுத்துவரை புதைத்தார்கள், சூடு ஏறினால் வலி இறங்குமாம். புதைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஒரு வெள்ளாடு வந்து என் தலைத்துண்டை நிதானமாகத் தின்றது. தின்று முடித்ததும் என் தலைமுடியை யோசனையோடு பார்த்தது. நான் போட்ட கூச்சலில் ஆறு கடந்து ஆள் வந்தது.

அப்போது நாங்கள் சங்ககிரியில் முகாம் போட்டிருந்தோம். ஒரு நாள் என் மனைவி பாவாயி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த கையோடு ஓடிவந்தாள். "ஏனுங்க, உங்கைய்யா காலால பொறந்தவராமா!"

இது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். வெறுங்காலால் மூன்று உதை, காலை வேளையில். ஐயாவின் மனைவி கிணற்றடியில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஐயாவின் வீட்டு முன்னால் வாழப்பாடிச் சந்தை நாளன்று ஊரே வரிசையில் நிற்குமாம். ஐந்து வயதுப் பிள்ளையை முக்காலி மேல் ஏற்றி, "காலை நல்லா வீசுடா" என்பாராம் அவருடைய அம்மா. தன்னை ஒருவருக்கும் தெரியாத ஊர்களில் வேலை வேண்டும் என்றுதான் ஐயா சர்வேயில் சேர்ந்தாராம். அந்த ரகசியம் இத்தனை வருஷம் கழித்து ஒரு குடம் தண்ணீரோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

மேலதிகாரியிடம் உதை வாங்குவது அந்தக் காலத்தில் புதிதல்ல, கேட்டு வாங்குவதுதான் புதிது. மறுநாள் காலை காட்டில் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு வேண்டுதலுங்க."

"லீவா?"

"இல்லீங்க. நீங்க என்னை ஒதைக்கோணுமுங்க."

ஐயா குடையை மடக்கினார். "யார் சொன்னது?"

"அம்மா, என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொன்னாங்களாமுங்க."

அதை ஓரமாகச் சாத்தி வைத்தார். பிறகு, "அது மூடத்தனம்" என்றார்.

"ஆமாங்க."

"எலும்பு முறிஞ்சதுக்கும் நான் பொறந்ததுக்கும் என்னாப்பா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் ஏன் கேக்கற?"

"வலிக்குதுங்க."

ஐயா அங்கிருந்த சர்வே கல் மேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பூட்ஸைக் கழற்றி, காலுறையை உருவி, அதை நாலாக மடித்து பூட்ஸுக்குள் வைத்தார். என்னை ஒரு பனைமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி என் முதுகைப் பார்த்தார், இடக்கையை அசைத்தார். நான் கொஞ்சம் நகர்ந்தேன். இரண்டு கையும் இறங்கின. பிறகு மூன்று உதை. சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர் போல முதல் உதை. மூன்றாவதுதான் உதை என்று சொல்லும்படி இருந்தது.

வலி போனதா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஏதோ ஒன்று லேசானது. கிணற்றில் விழுந்த பிறகு அன்றுதான் முதன்முதலாக முகமெல்லாம் சிரித்தேன். ஐயா உறையை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, குறிப்பு எழுதினார்: 'மூன்று. பட்டது.' அதிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. உதைக்கு முன், "இன்னைக்கு எப்பிடி?" என்று கேட்பார். மனிதர் யாரையும் எதுவும் விசாரித்ததே இல்லை, என்னை மட்டும் தினமும் அந்த இரண்டு சொல் கேட்டார். வைத்தியம் அதில்தான் இருந்ததோ என்னவோ.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் எங்கள் எல்லாருக்கும் மேல் அதிகாரியான வெள்ளைக்காரத் துரை ஆய்வுக்கு வந்தார். நல்ல மனிதர். கீழே வேலை செய்பவர்களை அடிக்கிற அதிகாரிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒருநாள் காலை மலையடிவாரத்தில் ஒரு பாறை மேல் தியோடலைட்டை நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், தொலைநோக்கியைத் தற்செயலாக எங்கள் பக்கம் திருப்பியிருக்கிறார். வானத்திலிருந்து தொங்கும் பனைமரம், அதைக் கட்டிக்கொண்டு தலைகீழாக நான், என்னை ஒற்றைக் காலால் உதைக்கும் சபாபதி ஐயா. உருவம் தலைகீழாகத் தெரிவது அவருக்குப் பழக்கம்தான், அதில் ஏமாறவில்லை. என் முகத்தில்தான் ஏமாந்தார்.

மறுநாள் துரை தங்கியிருந்த பங்களாவில் விசாரணை என்று உத்தரவு வந்தது. குற்றம்: கீழ்ப் பணியாளரை மரத்தோடு நிற்க வைத்து உதைத்தது, அவன் வாய்விட்டு அழும்வரை உதைத்தது. ஐயா அன்றே எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார்: 'உதைத்தது உண்மை. காரணம் சொல்ல விருப்பமில்லை.' காலால் பிறந்த கதையை ஊரறியச் சொல்வதைவிட வேலை போவது மேல் என்று முடிவு செய்துவிட்டார்.

எனக்குத்தான் சங்கடம். உண்மையைச் சொன்னால் முதுகு போன கதை வெளியே வரும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். விசாரணை அன்று காலை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பாவாயி வட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, "நெசத்தைச் சொல்லிப் போட்டு வாங்க. தறிக்குழியில நான் ஒக்காந்துக்கறேன்" என்றாள். அவள் அதுவரை தறியைத் தொட்டதே கிடையாது.

பங்களா வராந்தாவில் துரை, பக்கத்தில் மொழிபெயர்க்க முகாம் குமாஸ்தா. ஐயா ஒரு மூலையில் குடையோடு விறைப்பாக நின்றார். முதல் சாட்சி கருப்பண்ணன்.

"உதைத்தாரா?" என்றார் குமாஸ்தா.

"ஒதைங்களா? அதை ஒதைன்னு சொன்னா ஒதைக்கே அவமானமுங்க. எங்கூட்டுக் கன்னுக்குட்டி இன்னும் நல்லா ஒதைக்குமுங்க."

"கால் பட்டதா, இல்லையா?"

"பட்டும் படாமப் பட்டுதுங்க."

இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று குமாஸ்தா விழித்தார். அடுத்தது நான். துரை என்னை இரக்கத்தோடு பார்த்தார். பயப்படாமல் பேசு என்று சொல்லச் சொன்னார்.

"கால் பட்டுதுங்க. நாந்தான் ஒதைக்கச் சொன்னனுங்க" என்று ஆரம்பித்துக் கிணறு, மாவுக்கட்டு, வலி, காலால் பிறப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூலையில் ஐயாவின் காது சிவப்பதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். துரை நம்பவில்லை. அதிகாரிக்குப் பயந்து சொல்கிறாய், நீ அழுததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன் என்றார்.

"அழுவலீங்க, சிரிச்சனுங்க."

"அழுதாய்!"

"சிரிச்சனுங்க!"

அதுவரை வாய் திறக்காத ஐயாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கருவியில் வரும் பிழையை அவரால் எங்கேயும் விட்டுவைக்க முடியாது. "சார், சிரிக்கிற வாய் தலைகீழா என்னாவும்?" என்றார்.

துரை விரலால் காற்றில் ஒரு வளைவு வரைந்து, அதைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு தியோடலைட்டை வராந்தாவில் நிறுத்தச் சொன்னார். என்னைக் காம்பவுண்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சிரி என்றார்கள். வேலை போகும் நேரத்தில் சிரிப்பு எங்கே வரும்? வெள்ளாட்டை நினைத்துக்கொண்டேன். வாய் காதுவரை போனது. துரை தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "அழுகிறான்" என்றார். சரி, இப்போது அழு என்றார்கள். வரவில்லை. கருப்பண்ணன் ஓடிவந்து தொடையில் கிள்ளினான், உடனே வந்தது. "சிரிக்கிறான்" என்றார் துரை. சொல்லிவிட்டு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, மறுபடி குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டார். என் பின்னால் வாசலுக்கு வெளியே ஒரு கூட்டம் தலைகீழாக வந்துகொண்டிருந்தது.

சுதந்திரம் கேட்டு ஊர்வலங்கள் நடக்கும் காலம் அது. மறியலா என்று கேட்டார் துரை. குமாஸ்தா கைக்குட்டையை அசைத்துக்கொண்டே போனார். கூட்டத்தின் தலைமையில் ஆடு மேய்க்கும் பொன்னாத்தா, கையில் தழை ஒடிக்கும் தொரட்டி. வராந்தாவின் அடியில் நின்று என் வாக்குமூலத்தை முதலிலிருந்தே கேட்டுவிட்டு ஊருக்குள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் குரல் வராந்தாவரை கேட்டது.

"மறியலெல்லாம் தெரியாதுங்க சாமி. காலால பொறந்தவரு வந்திருக்காராமா. எனக்கு ஏழு வருசமா இடுப்புப் புடிச்சிருக்குதுங்க. அந்தச் சாமியை ஒதைச்சுப் போட்டுப் போவச் சொல்லுங்க. இவங்கல்லாம் எனக்குப் பொறகாலதான் வரிசை."

குமாஸ்தா திரும்பி வந்து, முப்பது பேர் உதை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிவித்தார். துரை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். வாழப்பாடியிலிருந்து எந்த வரிசைக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதே வரிசை வாசலில் நின்றது.

துரை காகிதத்தை எடுத்துக் குற்றச்சாட்டைக் குறுக்கே அடித்தார். நான் மூச்சு விடுவதற்குள் என் பக்கம் திரும்பினார். அப்படியானால் உன் முதுகு நிஜமாகவே கெட்டிருக்கிறது, எங்கே, குனி என்றார்.

நான் குனியவில்லை. முயற்சிகூடச் செய்யவில்லை. பாவாயி தறிக்குழியில் இறங்கும் காட்சி கண்ணில் வந்தது.

அப்போது ஐயா முன்னால் வந்தார். நான் அவரிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அது. "சார், இவன் கெணத்துல விழுந்தது இவன் தப்பு இல்ல. நான் கை காட்டுனேன், இவன் நகந்தான். ஒரு தடவை காட்டுனேன், நகந்தான். மறுபடி காட்டுனேன். நேரா என்னையே பாத்துக்கிட்டு, என் கையை நம்பி விழுந்தான். விழுந்தும் செயினை விடல. ஆளை அனுப்பறதுன்னா கை காட்டுனவனைத்தான் அனுப்பணும்."

குமாஸ்தா மொழிபெயர்க்க மறந்து நின்றார். ஆனால் துரைக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. குனியாமல் இவ்வளவு நாள் எப்படி ஆணி குத்தினாய் என்று மட்டும் கேட்டார். பங்களா மைதானத்தில் செயினை விரித்தோம். ஐயா கை காட்டினார், நான் ஆணியைச் சுண்டினேன். பத்து ஆணியும் நட்டு வைத்தபடி நின்றன. திரும்பி வரும்போது பத்தையும் கால் விரலால் பிடுங்கிக் கையில் வாங்கினேன். வரிசையில் நின்ற முப்பது பேரும் கைதட்டினார்கள். துரையே இறங்கி வந்து கோட்டை மறுபடி அளந்து பார்த்தார். ஒரு லிங்க்கூடப் பிசகவில்லை.

துரை எழுதிய உத்தரவின் சாரம்: ஆள் வேலைக்குத் தகுதியானவன். இந்தச் சர்வேயரை எங்கே மாற்றினாலும் இவனையும் உடன் மாற்றவும். காரணம் எழுதவில்லை. பின்னால் வந்த அதிகாரிகள் நாங்கள் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறு ஊர் சேர்ந்தே மாறினோம், என் கதவுப் பலகையும் அவர் குடையும்.

அன்று பொன்னாத்தா வகையறாவைச் சும்மா அனுப்ப முடியவில்லை. ஐயா பூட்ஸைக் கழற்றி, உறையை மடித்து வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தார். "கோணலா இருக்குது" என்றார். நானும் கருப்பண்ணனும் கோடு பிடிக்கும் கொடிக்கம்பு நட்டு, முப்பது பேரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திய பிறகுதான் முதல் உதை விழுந்தது.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலி என்னோடுதான் இருக்கிறது, அதற்கு ஓய்வு வயது கிடையாது. ஐயா வாழப்பாடியில் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை பஸ் ஏறிப் போய் மூன்று உதை வாங்கி வருகிறேன். போன அமாவாசைக்கும் போனேன். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார், ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு எப்பிடி?"

"வலிக்குதுங்க."

பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. வேட்டி சரசரத்தது மூன்று முறை. என் முதுகில் ஒன்றும் படவில்லை. கால் முழங்கால் உயரத்துக்குக்கூட எழவில்லை என்று நிழலைப் பார்த்தே தெரிந்தது.

"பட்டுச்சா?" என்றார்.

"நல்லாப் பட்டுதுங்க" என்றேன். விசாரணையில்கூடப் பொய் சொல்லாதவன் அவரிடம் சொன்ன ஒரே பொய் அது. திரும்பி நின்று முகமெல்லாம் சிரித்தேன்.

ஐயா ஒரு கண்ணை மூடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, அதே பழைய புத்தகத்தை எடுத்து எழுதினார். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எட்டிப் பார்த்தேன். எழுத்து கோணியிருந்தாலும் வரி நேர்கோட்டில்தான் போயிருந்தது. 'மூன்று. படவில்லை. ஆள் சிரித்தான்.'